மாய உலகமும் அதற்குள் ஒரு காதலும்: நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி (வாசகி ஒருவர்), பெப்ரவரி 2

நான் ஒரு ஃபேண்டஸி காதல் தொடர் எழுதுகிறேன். மிதக்கும் கோட்டை, பறக்கும் குதிரை, பகை நாட்டு இளவரசன் எல்லாம் இருக்கிறது. தோழிகள் படித்துவிட்டு "நல்லா இருக்கு" என்கிறார்கள். ஆனால் அடுத்த பகுதி எப்போது என்று ஒருத்தியும் கேட்பதில்லை. தமிழில் இந்த வகை ஒட்டாதோ? நம் ஊர்ப் பெயரும் நம் சாப்பாடும் உள்ளே வந்தவுடன் மாயம் கலைந்துவிடுகிறது.

பெப்ரவரி 2, இரவு 9.15

உங்கள் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நான் இருப்பது திருகோணமலையில். கந்தளாய்க் குளத்தைக் கட்டினது பூதங்கள் என்று இங்கே கதை சொல்வார்கள். சொல்லிவிட்டு அதே மூச்சில், இந்தப் போகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதுமா என்று கவலைப்படுவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதில்லை.

கோணேசர் கல்வெட்டுக் கதையை எடுங்கள். (பெயர்தான் கல்வெட்டு, ஏட்டில் எழுதிய நூல் அது.) ஆடகசவுந்தரி என்ற பெண் குழந்தையைப் பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். பெட்டி இலங்கையில் கரை ஒதுங்குகிறது. அவள் வளர்ந்து உன்னாசகிரியை ஆள்கிறாள். குளக்கோட்டன் என்றொரு அரசன் வந்து கோணேசர் கோயிலில் திருப்பணி செய்கிறான் என்று கேள்விப்பட்டு, அவனைத் துரத்தச் சொல்லி மந்திரியோடு படையை அனுப்புகிறாள். கடைசியில் அவனையே கல்யாணம் செய்கிறாள். பகை, கடல், பூதம், காதல், எல்லாம் நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது.

ஆனால் அதில் எனக்கு மிகவும் பிடித்தது பூதம் வரும் இடம் இல்லை. குளக்கோட்டன் குடிகளைக் கொண்டுவந்து இருத்தி, தானத்தார், வரிப்பத்தார் என்று வகுத்து, கோயிலில் யார் எந்த வேலை செய்வது என்று ஒழுங்கு கட்டுகிற இடம். விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த வெளிச்சத்தில் ஒரு பூதத்தை நிறுத்தினாலும் வாசகர் நம்புவார்.

உங்கள் மிதக்கும் கோட்டைக்கு விறகு யார் கொண்டுபோகிறார்கள்?

பெப்ரவரி 3, காலை

விறகைப் பற்றி விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் கதையின் முதல் அத்தியாயத்தை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி:

"இவள் காலமை என்னத்தைத் திண்டவள்?"

ஆறு பக்கத்துக்கு நாயகி அழுகிறாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதினேன்.

பெப்ரவரி 5

"அப்படியானால் உலகத்தை எங்கே தொடங்குவது, வரைபடத்திலா, வரலாற்றிலா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் தொல்காப்பியத்தில் தொடங்குவேன். அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்தவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் அப்படித்தான். எழுத உட்கார்ந்த பிறகு திரும்பப் படித்தபோது, அகப்பாட்டு எழுதுகிறவனுக்கு உலகம் கட்டிக்கொடுக்கிற பட்டறை அது என்று விளங்கியது.

நிலமும் பொழுதும் முதற்பொருள். அதற்குமேல் கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அதற்குப் பிறகுதான் உரிப்பொருள், அதாவது காதலில் என்ன நடக்கிறது என்பது. இந்த வரிசையை நன்றாகப் பாருங்கள். சாப்பாடும் தொழிலும் பறவையும் இல்லாமல் பிரிவுக்குப் போக வழியில்லை. நெய்தலில் ஒருத்தி ஏங்குகிறாள் என்றால் உப்பங்கழியும் புன்னையும் நாரையும் அவளோடு சேர்ந்து ஏங்குகின்றன.

நான் செய்தது இதுதான். ஒரு கொப்பியை எடுத்து என் கற்பனை ஊருக்குக் கருப்பொருள் எட்டையும் எழுதினேன். தெய்வம் சுலபமாக வந்தது. பறைக்குத்தான் இரண்டு வாரம் ஆனது. என் ஊரில் எதற்காகப் பறை அடிப்பார்கள்? மீன் பட்டதற்கா, சாவுக்கா, கடைசிப் படகு புறப்படுவதற்கா? கடைசிப் படகு என்று முடிவானவுடன் கதையே வேறு திசையில் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, சூரியன் விழும் நேரம். என் நாயகியும் நிலாவெளி போல ஒரு கரையில் நின்று, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் காத்திருக்கிறாள்.

பெப்ரவரி 5, பின்னேரம்

ஒருவர் கீழே எழுதியது முற்றிலும் சரி. நிலாவெளிக் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் கடலில் எழும், விழாது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கடலைப் பாட்டில் படித்த கடல் மறைத்துவிட்டது. திருத்திவிடுகிறேன், நன்றி.

பெப்ரவரி 7

பெயர்கள் பற்றி. என் பழைய நாயகியின் பெயர் ஸெரல்யா. கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் அவளை யாராவது கூப்பிடுகிற காட்சி எழுதும்போதெல்லாம் கை தயங்கியது. அவளுடைய தாய் அடுப்படியிலிருந்து "ஸெரல்யா, இஞ்ச வா" என்று கூப்பிடுவாளா?

தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்து, வராத எழுத்து என்று இலக்கணம் சொல்வதைக் கற்பனைப் பெயர் வைக்கிற வழியாகவே எடுத்துக்கொள்ளலாம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன சொல்லுக்கு முதலில் வராது. அந்த வரம்புக்குள் நின்று புதிதாக ஒரு பெயர் கட்டினால், எந்த அகராதியிலும் இல்லாவிட்டாலும் காது ஏற்றுக்கொள்ளும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம் என்று பக்கத்து ஊர்களைச் சொல்லிப் பாருங்கள். வெளி, தீவு, காமம் என்ற வால்களை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றினேன். ஆலவெளி, கருந்தீவு என்று வந்தன. வாசித்தவர்கள் அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டார்கள்.

இப்போது அவள் பெயர் சுனையாள். அவன் வாடையன், வாடைக்காற்று வீசும் காலத்தில் பிறந்தவன்.

அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு. அது பாட்டுக்கு. நாற்பது அத்தியாயத் தொடரில் "அவள், அவன்" என்று ஓட்டமுடியாது.

பெப்ரவரி 10

மான் விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் போகிறவர்களுக்குத் தெரியும், உள்ளே புள்ளிமான்கள் திரியும். கோணேசர் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு நடக்கிறவர்களின் பக்கத்திலேயே நின்று மேயும். கடற்கரைக்கும் தெருவுக்கும்கூட வரும். இதை அப்படியே என் கதை ஊரில் வைத்தேன். வெளியூர் வாசகர் ஒருவர் எழுதினார்: "ஏழு கிணறு மாயத்தை நம்பினேன், தெருவில் மான் திரிவதைத்தான் நம்பமுடியவில்லை." (அந்தக் கிணறுகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

முதலில் கோபம் வந்தது. உண்மையில் இருப்பதை எழுதினால் நம்பமாட்டேன் என்றால் என்ன செய்வது? பிறகு அந்தப் பத்தியை எடுத்து வாசித்தேன். மான்கள் நிலா வெளிச்சத்தில் அழகாக நின்றன, அவ்வளவுதான். அவற்றோடு ஊரில் யாருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. திருப்பி எழுதினேன். மரக்கறிக் கடைக்காரி கீரைக் கட்டைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, "சீ, போ அங்கால" என்று ஈரச் சாக்கால் மானின் மூக்கில் தட்டுகிறாள். மான் ஒரு அடி பின்னால் போய் நின்று காதை ஆட்டுகிறது. அவள் திரும்பினதும் வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதன் பிறகு யாரும் சந்தேகம் கேட்கவில்லை. உங்கள் பறக்கும் குதிரைக்கும் இதையே செய்துபாருங்கள். அதன் சாணத்தை யார் அள்ளுகிறார்கள், அது கூரையில் இறங்கினால் ஓடு உடையுமா, உடைந்தால் யார் யாரை ஏசுவார்கள் என்று எழுதுங்கள்.

பெப்ரவரி 11

பெப்ரவரி 5இல் சொன்ன சூரியனுக்குத் திரும்ப வருகிறேன். நேற்றுப் பின்னேரம் உள்துறைமுகப் பக்கமாக நடந்தபோது சூரியன் தண்ணீருக்கு அப்பால்தான் இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகம் ஊருக்கு மேற்கே வளைந்து கிடக்கிறது அல்லவா! ஒரே ஊரில் ஒரு பக்கத் தண்ணீரில் எழுகிறது, மறுபக்கத் தண்ணீரில் விழுகிறது.

ஆகவே சுனையாளை இடம் மாற்றிவிட்டேன். காலையில் ஒரு கரையில் வேலை, பின்னேரம் மறுகரையில் காத்திருப்பு. இரண்டுக்கும் நடுவில் ஊரைக் குறுக்கே நடந்து கடக்கிறாள். அந்த நடையில்தான் ஊர் முழுவதையும் வாசகருக்குக் காட்டினேன். வரைபடம் போடத் தேவையே வரவில்லை.

பெப்ரவரி 14

இன்றைய நாளுக்குப் பொருத்தமாகக் காதல் கதை ஒன்று. கோயில் இருக்கும் சுவாமி மலையில் லவர்ஸ் லீப் என்று ஒரு இடம். அங்கே 1687 என்று ஆண்டு போட்ட ஒரு கல்தூண் இருக்கிறது, பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண்ணின் பெயரோடு. காதலன் கப்பல் ஏறிப் போவதைப் பார்த்துப் பாறையிலிருந்து குதித்துவிட்டாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். டச்சு ஆவணங்களோ அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து கல்யாணம் செய்தாள் என்கின்றன.

சின்ன வயதில் எனக்குக் குதித்தவளைத்தான் பிடிக்கும். இப்போது குதிக்காதவள்தான் மனதில் நிற்கிறாள். காற்று முகத்தில் அடிக்க அந்தப் பாறையில் நின்று, கப்பல் புள்ளியாகி மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்த ஒருத்தி. அன்று இரவு என்ன சமைத்தார்கள், அவளால் சாப்பிட முடிந்ததா? அடுத்த நாள் யார் முகத்தில் விழித்தாள்? இந்த வகைக் கதைகளில் காதலுக்காகச் சாகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த நாள் காலையைக் காட்டுகிறவர்கள் குறைவு. பாத்திரத்தின் குணம் அந்தக் காலையில்தான் தெரியும்.

பெப்ரவரி 15

"உங்கள் கதையில் மாயம் என்ன?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீற்றரில் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. ஆழம் அதிகம் கிடையாது, அடியில் கிடக்கும் கல்லும் தெரியும். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டான ஊற்று என்பது ஐதீகம். செத்தவருக்காக 31ஆம் நாள் செய்கிற அந்தியேட்டிச் சடங்குக்கு இன்றைக்கும் சனம் அங்கே போகிறது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றவேண்டும். முதல் வாளி சுடும், மூன்றாவது வாளியில் உடம்பு பழகிவிடும். ஈரத் தலையோடு நிற்கிறவர்கள் அழுதார்களா, தண்ணீர்தான் வடிகிறதா என்று பிரித்துச் சொல்லமுடியாது. எனக்குக் கதை பிறந்த இடம் அது.

என் கதை ஊரிலும் ஏழு கிணறுகள். ஏழாவதில் குளித்தால் செத்துப்போன ஒருவரின் நினைவு போய்விடும். ஆனால் அந்த நினைவு அழியாது, தண்ணீர் அள்ளி ஊற்றினவருக்குள் போய்விடும். சுனையாளின் தொழிலே அள்ளி ஊற்றுவது. ஆகவே ஊரார் மறந்த முகமெல்லாம் அவளுக்குள் இருக்கிறது. மனைவியை இழந்த வாடையன் வருகிறான். அவளோ அவனை விரும்பத் தொடங்கிவிட்டாள். ஊற்றினால் அவன் விடுபடுவான், அவன் மனைவி மேல் வைத்த அன்பு அத்தனையும் இவளுக்குள் இறங்கும்.

இதை எழுதும்போது எனக்கே நெஞ்சு அடைத்தது. மாயம், தொழில், காதல் மூன்றும் ஒரே முடிச்சு. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் இறுகும். உங்கள் மிதக்கும் கோட்டை அப்படி எதையாவது இறுக்குகிறதா என்று பாருங்கள். கோட்டையைத் தரையில் இறக்கி வைத்தாலும் உங்கள் காதல் அப்படியே நடக்கும் என்றால், கோட்டை வெறும் சோடனை.

பெப்ரவரி 16

வாடையன் என்ன வேலை செய்கிறான் என்று சொல்ல விட்டுவிட்டேன். பாதை ஓட்டுகிறான். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: கிழக்கில் பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அக்கரைக்குப் பாதையில்தான் போகவேண்டும். கடைசிப் பாதையை விட்டால் அந்த இரவு அங்கேயேதான். என் அப்பா அப்படித் தங்கின இரவுகளைப் பற்றிச் சொல்லும்போது குரலே மாறும்.

இப்போது பறைக்கு வருகிறேன். கடைசிப் பாதைக்கு அடிக்கிற பறை. அது கேட்டால் சுனையாள் வாளியை வைத்துவிட்டு ஓடவேண்டும். பகை அரசு, சாபம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு மிதவையின் நேரம் இரண்டு பேரைப் பிரித்து வைத்துவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் பாதை நாட்கணக்கில் நிற்கும். அந்த மாதங்களை மூன்று அத்தியாயத்துக்கு இழுத்திருக்கிறேன்.

பெப்ரவரி 19

பேச்சு. இதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். நம் பக்கத்துத் தமிழில் நீங்கள், நீர், நீ என்று மூன்று படி இருக்கிறது. தெரியாதவரை நீங்கள் என்போம். பழகி, ஆனால் மரியாதை விடாமல் பேசும்போது நீர். பிறகு நீ. எழுதுகிறவருக்கு இது பெரிய வரம். காதலர்கள் தொட்டுக்கொள்ளத் தேவையில்லை, ஒருவர் முதன்முதலாக "நீர்" என்று சொன்னாலே போதும், வாசிக்கிறவரின் முதுகு நிமிர்ந்துவிடும்.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்று எட்டு அத்தியாயமாகக் கேட்டுவந்தவன், ஒன்பதாவதில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, முகத்தைப் பாராமல், "நீர் சாப்பிட்டீரோ?" என்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிகிறாள், ஏற்கெனவே பிழிந்ததுதான்.

மன்னர் காலத்துச் செந்தமிழில் "அன்பே, ஆருயிரே" என்று எழுதி இதைக் கொண்டுவரமுடியாது.

பெப்ரவரி 23

நான்கு நாளாக எழுதவில்லை. 15ஆம் திகதி சொன்ன மாயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

என் பெரியம்மா 2004 டிசம்பர் 26இல் தன் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். அவரிடம் என் கதையைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அவரே கேட்டார், சொன்னேன். மறக்கவைக்கிற கிணறு என்றவுடன் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"எனக்கு அந்தக் கிணறு வேண்டாம் மகள். அவன்ட முகம் மங்கிக்கொண்டு வருது. அதுதான் எனக்குப் பயம்."

பிறகு எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்தார். பள்ளிக்கூடச் சட்டை, பொத்தான் ஒன்று வேறு நிறத்தில் இருந்தது. அந்தப் பொத்தானைத் தான் தைத்த நாள் நினைவிருக்கிறது, அன்று அவன் எந்தப் பக்கம் திரும்பி நின்றான் என்பது நினைவில் இல்லை என்றார்.

நான் எவ்வளவு பெரிய பிழை விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. துக்கப்பட்டவர்கள் மறக்க ஆசைப்படுவார்கள் என்று நானாக நினைத்து ஒரு உலகத்தையே கட்டிவிட்டேன். இந்த ஊரில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்கக்கூடாது. போரிலும் கடலிலும் ஆளை இழந்த வீடு இல்லாத தெரு இங்கே எங்கே இருக்கிறது? அவர்களில் எத்தனை பேர் மறக்க வரிசையில் நிற்பார்கள்?

கிணற்றைத் தலைகீழாகத் திருப்பினேன். ஏழாவது கிணற்றில் குளித்தால், மங்கிப்போன முகம் ஒரு வாளித் தண்ணீர் வடிந்து முடியும்வரை துலக்கமாகத் தெரியும். அள்ளி ஊற்றினவருக்கு விலை உண்டு: அவருடைய சொந்த நாட்களில் ஒன்று போய்விடும். எந்த நாள் என்று அவர் தெரிந்தெடுக்கமுடியாது.

இனி வாடையன் வருகிறான், மனைவியின் முகத்தைக் கேட்கிறான். சுனையாள் அள்ளுகிறாள். ஒவ்வொரு வாளிக்கும் அவளிடமிருந்து ஒரு நாள் கழிகிறது. அவனைப் பாதையில் முதலில் கண்ட நாளும் அந்த நாட்களுக்குள்தான் இருக்கிறது.

பெப்ரவரி 24

முப்பத்தொரு அத்தியாயத்தில் பதினேழை அழித்தேன். கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன், அழிக்கும்போது வலித்தது. மானும் மரக்கறிக் கடைக்காரியும் தப்பிவிட்டார்கள்.

பெப்ரவரி 27

கேள்வி கேட்ட தங்கச்சி தன் இளவரசியைக் கோட்டையின் விறகுக் கணக்கு எழுதுகிறவளாக மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். கோட்டை மிதக்க விறகு எரியவேண்டும், காடு பகை நாட்டில் இருக்கிறது, விறகு ஏற்றி அனுப்புகிறவன் அந்த நாட்டுக்காரன், கணக்கில் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு அதிகமாக வருகிறது. அடுத்த பகுதி எப்போது வரும்? இதை நான்தான் முதலில் கேட்கிறேன் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3, இரவு 11.40

முடிவு எனக்குக் கிடைத்துவிட்டது. இரண்டு மாதமாகச் சுனையாள் அள்ளுவாளா, மறுப்பாளா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாடையனுக்கும் கை இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. சுனையாளுக்கும் இழந்த ஆள் ஒன்று உண்டு, அவளுடைய தாய். ஊர் முழுவதற்கும் ஊற்றினவள், தனக்கு ஊற்ற ஆளில்லாமல் இருந்தவள்.

பறை கேட்கிறது. கடைசிப் பாதை புறப்படப் போகிறது, ஓட்டவேண்டியவன் இங்கே நிற்கிறான். அவள் நாலாவது வாளியை இறக்கப்போகிறாள். அவன் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறான்.

"விடும். இண்டைக்கு நான் அள்ளுறன். நீர் இரும்."

அவள் கல்லில் உட்காருகிறாள். அவன் வாளியைக் கிணற்றில் சரிக்கிறான்.

இந்த அத்தியாயம் வெள்ளிக்கிழமை வரும். பெரியம்மாவுக்கு நாளைக்கே வாசித்துக் காட்டப்போகிறேன்.